கம்போஸ்ட் கணக்கு

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் படித்தவர்களை அவர்கள் கணக்குப் போடும் விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சமன்பாட்டில் ஒரு எண்ணை மறுபக்கம் கொண்டுபோகும்போது, "இங்குட்டுக் கூட்டலா இருந்தது அங்குட்டுப் போனா கழித்தல்" என்று வாய்க்குள் முணுமுணுப்பார்கள். தலை நரைத்த பிறகும் அந்தப் பழக்கம் விடாது. சொல்லிக்கொடுத்த கணக்கு டீச்சரோ தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் வீட்டில் யாரும் இங்குட்டு அங்குட்டு என்று பேசியிருக்க மாட்டார்கள். எங்களுக்காக அந்தப் பேச்சைக் கற்றுக்கொண்டார்.

புதுவயலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் காரைக்குடிக்கு பஸ் ஏற வேண்டும். ஆண்பிள்ளைகளே பாதிப் பேர் எட்டாவதோடு நின்று, அரிசி மில்லுக்கோ வயலுக்கோ போய்விடுகிற காலம். அறுபதுகளின் நடுவில் நாங்கள் இரண்டு பெண்கள் எட்டாம் வகுப்பு முடித்தோம். ஒன்று நான், விவசாயி வீட்டுப் பெண். இன்னொன்று என் சிநேகிதி, தச்சு வேலை செய்யும் ஆசாரி வீட்டுப் பெண். இருவருக்கும் ஒரே ஆசைதான். காலேஜில் கணக்குப் படித்து, எங்கள் டீச்சர் மாதிரியே கணக்கு டீச்சர் ஆக வேண்டும். அதில் என்னைவிட அவளுக்குத்தான் தகுதி அதிகம். நான் யோசித்துப் போடுகிற கணக்கை அவள் பார்த்தவுடனே போட்டுவிடுவாள். எனக்கு அதில் பொறாமை இருந்தது. ஆனால் அவள் விடையைக் காட்டிவிடுவாள் என்பதால் பொறாமை நீடிக்காது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். எட்டாவது முடித்த பிள்ளைகளைக் கணக்கு டீச்சரே காரைக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஹைஸ்கூலில் சேர்த்துவிட்டு வருவார். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கொண்டுவிடுகிற மாதிரிதான். அங்கே ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவிடம், "இது நல்லாக் கணக்குப் போடும், இதுக்குக் கொஞ்சம் கண்ணு மங்கல், முன்னால உட்கார வைங்க" என்றெல்லாம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். எங்களிடம் மட்டும் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவைத்திருந்தார். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு கணக்கு உண்டு, பெரிய கணக்கு, சின்னக் கணக்கு. காலேஜில் கணக்கோ விஞ்ஞானமோ படிக்க வேண்டுமென்றால் பெரிய கணக்கைத்தான் எடுக்க வேண்டும். சின்னதை எடுத்தால் அந்தக் கதவு அங்கேயே அடைபட்டுவிடும், அப்புறம் வரலாறு, தமிழ் என்று போக வேண்டியதுதான். நாங்கள் தூக்கத்தில் கேட்டாலும் பெரிய கணக்கு என்று சொல்கிற அளவுக்குத் தயாராக இருந்தோம்.

எங்கள் முறை வந்த வருஷம் டீச்சர் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு போயிருந்தார். ஹெட்மாஸ்டர் தான் வருவதாகச் சொன்னார். என் அப்பாதான், "ஒங்களுக்கு எதுக்குச் சிரமம், நான் போறேன்" என்று கிளம்பிவிட்டார். ஆசாரி, ஆபீஸ் வாசல்களைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற மனுஷர். தன் மகளையும் சேர்த்துவிடும்படி அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். அப்பாவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பஸ்ஸில் எங்கள் இருவரையும் தனக்கு முன்னால் உட்கார வைத்து, கண்டக்டரிடம் தேவையில்லாமல் விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

இந்த இடத்தில் கம்போஸ்ட் குழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்குச் சில வருஷங்களுக்கு முன், அரசாங்கம் ஊருக்கு அனுப்பிய கிராம சேவக், குப்பையை மக்க வைத்து உரமாக்கும் கம்போஸ்ட் குழி வெட்டச் சொல்லி வீடு வீடாக அலைந்தார். யாரும் மசியவில்லை. என் அப்பாதான் முன்னேற்றத்தில் நம்பிக்கை உள்ளவர் ஆயிற்றே, மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் மாதிரிக் குழி ஒன்றை வெட்டினார். ஐப்பசி மழையில் குழி நிறைந்து, கன்றுக்குட்டி அதற்குள் விழுந்து, அதைத் தூக்கப் போன அப்பாவும் விழுந்து, இருவரையும் கயிறு கட்டி இழுத்தார்கள். கன்றுக்குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்குத்தான் கம்போஸ்ட் என்று பெயர் வந்துவிட்டது. நெல் போடப் போன புதுவயல் மில்லில்கூட, "வாங்க கம்போஸ்ட்டு" என்றார்களாம். அந்தப் பெயர் மெள்ள மெள்ளத்தான் ஓய்ந்தது. அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையை உச்சரிப்பது கிடையாது.

ஹைஸ்கூல் ஆபீஸில் குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமல், "கணக்கு காம்போசிட்டா, ஜெனரலா?" என்று கேட்டார்.

அப்பாவின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். என்ன கேட்டார் என்று மறுபடி சொல்லச் சொன்னார். பின்னால் வரிசை நின்றது. குமாஸ்தா சலிப்போடு அதையே திருப்பிச் சொல்லி, பெண்பிள்ளைகள் பெரும்பாலும் ஜெனரல்தான் எடுக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். எங்களுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பெரிய கணக்கா சின்னக் கணக்கா என்று கேட்டிருந்தால் இருவரும் சேர்ந்து கத்தியிருப்போம். எங்கள் டீச்சர் எல்லாவற்றையும் எங்கள் வாய்க்கு வருகிற மாதிரி மாற்றி மாற்றிச் சொல்லிக்கொடுத்ததில், அந்த இங்கிலீஷ் பெயரைக் காதில் போட மறந்துபோயிருந்தார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டு புள்ளைக்கும் ஜெனரலே போடுங்க" என்றார்.

வெளியே வந்ததும் எங்களுக்கு விளக்கம் சொன்னார். படிக்க வந்த பிள்ளைகளையும் இந்த அரசாங்கம் எருக்குழியில் இறக்கப் பார்க்கிறது, தான் உஷாராக இருந்ததால் பிழைத்தோம் என்றார். ஜெனரல் என்றால் பட்டாளத்தில் எல்லோருக்கும் மேலே இருக்கிறவர். மதராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கே அந்தப் பெயர்தானே. ஆளுக்கு ஒரு பொட்டலம் காரச்சேவு வாங்கிக் கொடுத்தார். நாங்களும் பெரிய கணக்கைத்தான் இங்கே ஜெனரல் என்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டு தின்றோம்.

ஊரில் இந்தக் கதையை அப்பா சொல்லாத ஆள் இல்லை. கம்போஸ்ட்டை வேண்டாமென்று ஒதுக்கி ஜெனரல் வாங்கிய கதை, பழைய அவமானத்தை எல்லாம் கழுவிவிட்டது. ஆசாரி எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தான் போயிருந்தால் ஏமாந்திருப்பேன் என்றார். அந்த மாதமே அவர் மதராஸுக்குப் போய்விட்டார். காரைக்குடிச் செட்டியார் ஒருவர் அங்கே கட்டிய வீட்டுக்கு மரவேலை. முடியப் பல மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பில் சதவீதமும் வட்டியும் நடத்தினார்கள். எல்லாம் நாங்கள் போன வருஷமே முடித்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஹைஸ்கூல் பாடத்தையே நடத்திவிட்டது என்று காரைக்குடிப் பெண்களிடம் பீற்றிக்கொண்டோம். சிநேகிதி மட்டும் சில நாள் முகத்தைச் சுளித்தாள். அவளுக்குத் தெரிந்த கணக்கையே திரும்பப் போடுவது ஆறின சோற்றைத் தின்கிற மாதிரி இருந்திருக்கும்.

ஆடி முடிகிற சமயத்தில் டீச்சர் கைக்குழந்தையோடு திரும்பி வந்தார். நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேரே அவர் வீட்டுக்கு ஓடினோம். பெரிய கணக்கில் எதுவரை வந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சொன்னோம். முக்கோணத் தேற்றம் ஆரம்பிக்கவில்லையா என்றார். இல்லை என்றோம். அப்புறம் அவர் ஒன்றொன்றாகக் கேட்கக் கேட்க அவர் முகத்தில் சிரிப்பு வடிந்துவிட்டது. கடைசியில் வகுப்பின் பெயரைக் கேட்டார். ஜெனரல் என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பேரைச் சொல்லிக்கொடுக்காம விட்டுட்டேனே. பாடத்தை எல்லாம் சொல்லிட்டுப் பேரை விட்டுட்டேனே" என்று தனக்குத்தானே சொன்னார். சிநேகிதிதான் முதலில் புரிந்துகொண்டாள். நான் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே டீச்சர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். காம்போசிட் என்பதுதான் பெரிய கணக்கு, அதற்கும் எருவுக்கும் சம்பந்தமில்லை என்று அப்பாவுக்கு நோகாமல் எடுத்துச் சொன்னார். அப்பா முதலில் சிரித்தார். பிறகு, "அப்ப அது உரம் இல்லையா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இல்லை என்று டீச்சர் தலையசைத்ததும் அப்பா எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அது ஏற்கெனவே குடித்த மாடு.

என் அப்பா கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் அப்படித் தோன்றும். மறுநாளே காரைக்குடி போனார். யார் காலைப் பிடித்தாரோ, காலாண்டுப் பரீட்சையோடு ஒரு தனிச் சோதனை வைப்பார்கள், அதில் தேறினால் என்னைக் காம்போசிட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்று வந்து சொன்னார். ஊரில் கேட்டவர்களிடம், அங்கிருக்கும் பெரிய டீச்சரே என்னைக் கேட்டு அந்தக் கம்போஸ்ட் வகுப்புக்கு இழுத்துக்கொண்டதாகச் சொன்னார். சிநேகிதியின் விஷயம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். அவளுக்கு அவள் அப்பா வந்து சொல்ல வேண்டுமாம் என்றார்.

டீச்சர் அதை நம்பவில்லை. தானே போய் விசாரித்தார். சேர்த்துவிட்டவர் வந்து வாயால் ஒரு வார்த்தை சொன்னாலும் போதும், பெற்றவர் சம்மதம் சொல்லி அனுப்பினாலும் போதும் என்றிருக்கிறார்கள். அப்பா என்னைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். என் விஷயத்துக்கு ஊரில் சொல்ல ஒரு கதை இருந்தது. அவளையும் மாற்றினால், ஆசாரியிடம் தான் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டாக வேண்டும். ஆசாரிக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் கம்போஸ்ட் என்ற பெயர் மறுபடி எழுந்து வந்து வாசலில் நிற்கும். அப்பா பயந்தது அதற்குத்தான்.

டீச்சர் அவர் பாட்டுக்கு வேலையில் இறங்கினார். சாயங்காலம் நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நடுநிலைப் பள்ளியின் பழைய வகுப்பறையைத் திறந்து வைத்திருப்பார். ஹெட்மாஸ்டர் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டார். குழந்தை தூளியில் தூங்கும், இல்லையென்றால் அழும். எங்கள் இருவருக்கும் விட்டுப்போன பெரிய கணக்கை முதலிலிருந்து நடத்தினார். எப்படியும் ஆசாரியின் சம்மதம் வந்துவிடும், வரும்போது இவள் தயாராக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் இப்படிக் கதவைத் திறந்து வைத்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அங்கேயும் தேற்றத்தை முதலில் நிறுவிக் காட்டியவள் சிநேகிதிதான். நான் அவளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

மதராஸுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். செட்டியார் வீட்டுக் கணக்கப்பிள்ளை அடிக்கடி போய்வருகிறவர். அவரிடம் டீச்சர் நிதானமாக எல்லாவற்றையும் விளக்கினார். பெண்பிள்ளைகள் படிக்கும் கணக்கில் அவருக்கு என்ன அக்கறை. அங்கே போய், உம் மகளைக் காம்போசிட்டில் போடச் சொல்லி டீச்சர் கேட்கிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஆசாரியின் பதிலை வந்து அப்படியே ஒப்பித்தார். அதில் ஐயா என்றது என் அப்பாவை.

"ஐயா அம்புட்டுச் சிரமப்பட்டுத் தப்பவச்ச குழியில டீச்சரம்மா ஏன் எம்புள்ளயத் தள்ளப் பாக்குறாக? ஐயா சொல்லட்டும், மாத்திக்கிறேன். வேற யாரு சொன்னாலும் வேண்டாம்."

அன்றைக்கு டீச்சர் களத்துமேட்டுக்கே வந்து அப்பாவைப் பார்த்தார். நானும் கூட நின்றேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்தப் பெண் மாதிரிக் கணக்குப் போடுகிற பிள்ளையை நான் பார்த்ததில்லை என்றார். கிட்டத்தட்டக் கெஞ்சினார். அப்பா வைக்கோலை உதறிக்கொண்டே, "பாப்போம் டீச்சரம்மா" என்றார். எங்கள் வீட்டில் பாப்போம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். டீச்சருக்கு அது தெரியாது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நான் சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன், கோவிலுக்குப் போகிற வழியில் கேட்டேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். ஆத்தா, பெற்ற தகப்பனோடு என்ன வீம்பு என்று என்னைத்தான் வைதாள். காலாண்டு வந்தது. சோதனையில் தேறி நான் காம்போசிட் வகுப்புக்குப் போனேன். ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே வாசலில் நுழைந்து, அவள் இடப்பக்கமும் நான் வலப்பக்கமுமாகப் பிரிந்து போவோம். எனக்கு அந்த வாசலே பிடிக்காமல் போயிற்று.

அதற்குப் பிறகும் அவள் சாயங்கால வகுப்புக்கு வந்தாள். தனக்கு நடத்தாத பாடத்தை, தான் எழுதப்போகாத பரீட்சைக்கு, என்னோடு உட்கார்ந்து படித்தாள். பொங்கலுக்கு ஆசாரி ஊர் திரும்பினார். இனி மாற்ற முடியாது, பாடம் வெகுதூரம் போய்விட்டது. ஆனாலும் நடந்ததை அவரிடம் சொல்லியே தீருவேன் என்று டீச்சர் கிளம்பினார். சிநேகிதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லாதீக டீச்சர். தெரிஞ்சா எங்கப்பா இவுக வாசப்படி ஏற மாட்டாக. இவுக களத்து நெல்லுலதான் எங்க வீட்டு ஒல கொதிக்குது."

எங்கள் வீட்டு ஏர், கலப்பை, வண்டி எல்லாம் ஆசாரி பார்ப்பார். அறுவடையில் அவர் வீட்டுக்கு நெல் அளப்போம். அது தலைமுறையாக வருகிற ஏற்பாடு. அந்த வயதில் அவளுக்கு அது தெரிந்திருந்தது. டீச்சர் எங்கள் இருவருக்கும் முன்னால் அழுதார். ஒரு டீச்சர் அழுவதை நான் முதன்முதலாக அப்போதுதான் பார்த்தேன். தூளியில் கிடந்த குழந்தையும் சேர்ந்து அழுதது. மறுவாரம் முதல் சிநேகிதி சாயங்கால வகுப்புக்கு வரவில்லை, வீட்டில் வேலை இருப்பதாகச் சொன்னாள்.

காலேஜ் போன பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்தப் பள்ளிக்கூடத்தில் பேசச் சொல்வார்கள். நானும் பேசியிருக்கிறேன். இந்தப் பள்ளிதான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது என்று சொன்னேன், கைதட்டினார்கள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் அதன் கை எங்கள் வீட்டு வாசல்வரைதான் நீண்டது. வாசலுக்கு உள்ளே ஒரு மனுஷர் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவரை எந்த டீச்சராலும் அசைக்க முடியவில்லை. அதை மேடையில் சொல்ல முடியாது.

எஸ்.எஸ்.எல்.சி. முடிந்து, மதுரையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.யூ.சி. கணக்குப் பிரிவில் எனக்கு இடம் கிடைத்தது. கிளம்புகிற அன்று பஸ் நிறுத்தத்துக்குப் பாதி ஊர் வந்துவிட்டது. டீச்சர் என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, அதற்குமேல் அங்கே நிற்க முடியாதவர் மாதிரி உடனே வீட்டுக்குப் போய்விட்டார். ஆசாரி மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் முகத்தில் ஒரே சந்தோஷம். மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, கம்போஸ்ட்டுல மாட்டிக்கிட்ட ஒங்க புள்ளைக்கே காலேஜுல எடம் குடுத்துட்டாக. ஜெனரல் படிச்ச எம்புள்ளைக்குக் குடுக்க மாட்டாகளா? நீங்கதான் அன்னைக்கு அது கையப் பிடிச்சுக் கொண்டுபோய்ச் சேத்துவிட்டீக. இன்னொருக்கா ஒரு வார்த்தை சொல்லி அதே கணக்குக் காலேஜுல இதையும் சேத்துவிடுங்க."

சுற்றி நின்றவர்கள் சரிதானே என்று தலையாட்டினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன். அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிநேகிதி என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ. பிறகு தன் தகப்பனின் முழங்கையைத் தொட்டாள்.

"எனக்குப் படிப்புப் போதும்ப்பா. கணக்கே எனக்கு வரமாட்டேங்குது."

ஆசாரிக்கு முகம் செத்துவிட்டது. ஐயா அலைந்து திரிந்து சேர்த்துவிட்டதை இப்படி வீணடித்துவிட்டாயே என்று எல்லோருக்கும் முன்னால் அவளை ஏசினார். அப்பாவிடம் கைகூப்பி, தன் மகளுக்காக மன்னிப்புக் கேட்டார்.

அப்பாவுக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

"விடு ஆசாரி" என்றார். "பொம்பளப் புள்ளதான."

என் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் வைப்பதற்காக அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.